ஐந்து பொருளில் ஓர் இரவுச் சாப்பாடு: ஸ்பகெற்றி பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றின் சமையலறையில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே ஒரு மாதம் தங்கியிருந்த நாப்போலி நகரத்து முதிய தம்பதியினர், தங்கள் ஊரில் அடுக்களையில் வேறொன்றும் இல்லாத இரவுகளில் சமைக்கும் ‘அல்யோ எ ஓலியோ’ என்ற ஸ்பகெற்றியை எனக்குக் கற்றுத் தந்தார்கள். உள்ளியும் எண்ணெயும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதைப் பற்றி எங்கள் பகுதியினர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு சகோதரி: அக்கா, வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறரை மணியாகிவிடும். இருவருக்குச் செய்ய என்னென்ன வேண்டும்? உண்மையிலேயே இருபது நிமிடத்தில் முடியுமா?

முடியும் தங்கச்சி, ஆனால் வீட்டுக்குள் வந்தவுடன் முதல் வேலையாகத் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். ஸ்பகெற்றி 200 கிராம், அதாவது 500 கிராம் பக்கற்றில் ஐந்தில் இரண்டு பங்கு, உள்ளி பெரிய பல்லாயின் ஐந்து, சிறியதாயின் எட்டு, ஒலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, செத்தல் மிளகாய் இரண்டு, உப்பு. இவ்வளவுதான். இரண்டு லீற்றர் தண்ணீர் கொதித்ததும் மூன்று தேக்கரண்டி உப்பை மட்டமாக அளந்து போட்டு, ஸ்பகெற்றியை முறிக்காமல் இறக்குங்கள். அடிப்பகுதி இளகியதும் மீதி தானாகவே வளைந்து உள்ளே போய்விடும். முதல் ஒரு நிமிடம் கிளறினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

அது வேகும் நேரத்தில் உள்ளியை மெல்லிய வில்லைகளாகச் சீவி, அகன்ற தாச்சியில் ஆறிய எண்ணெயுடன் சேர்த்த பின்னரே அடுப்பைச் சிறு தீயில் மூட்டுங்கள். எண்ணெய் காய்ந்த பிறகு உள்ளியைப் போடுவது நம்முடைய தாளிக்கும் பழக்கம். இந்தச் சமையலுக்கு அது பொருந்தாது. வில்லைகளைச் சுற்றிச் சிறு குமிழிகள் எழும்பி, ஓரம் மட்டும் வைக்கோல் நிறத்துக்கு மாறும் தறுவாயில் பிய்த்த செத்தல் மிளகாயைப் போட்டு, உடனேயே ஸ்பகெற்றி வேகும் தண்ணீரில் ஒரு கரண்டி அள்ளி ஊற்றிவிடுங்கள். சீறி அடங்கும் அந்தத் தண்ணீர் உள்ளி மேலும் கருகாமல் தடுத்துவிடும்.

பக்கற்றில் எழுதியிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே ஸ்பகெற்றியைத் தூக்கித் தாச்சியில் போட்டு, இன்னும் ஒரு கோப்பை அவித்த தண்ணீரைச் சேர்த்து, தீயைக் கூட்டி, தாச்சியை உலுக்கியபடி விடாமல் புரட்டுங்கள். தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாக மிதப்பது நின்று, தேங்காய்ப்பால் போல வெண்மையாகத் தடித்து ஒவ்வோர் இழையிலும் படிந்ததும் இறக்கிவிடலாம்.

தம்பலகாமத்திலிருந்து: நூடில்ஸை அவித்தவுடன் குழாய்த் தண்ணீரில் கழுவுவோம், ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் எண்ணெயும் விடுவோம். நீங்கள் சொல்லும் முறையில் இரண்டுமே இல்லையே, ஏன்?

வயலும் நெல்லும் நிறைந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் இதற்கான பதில் சோறு வடித்த கஞ்சியில் இருக்கிறது. அரிசியின் மாப்பொருள் தண்ணீரில் இறங்கிக் கஞ்சியைத் தடிப்பாக்குவது போலவே, ஸ்பகெற்றியின் மாப்பொருளும் அவித்த தண்ணீரில் இறங்குகிறது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பது அந்த மாப்பொருள்தான். பொரித்தெடுக்கும் நூடில்ஸ் உதிரியாக இருக்க வேண்டும் என்பதால் அதைக் கழுவுவது சரியான முறை. இங்கே கழுவினால் சாறு ஒட்டிக்கொள்ளத் தேவையான பசை முழுவதும் தொட்டிக்குள் போய்விடும். அவிக்கும் பானையில் விடும் எண்ணெயோ மேலே மிதந்து, வடிக்கும்போது இழைகளைப் பூசி, பின்னால் சேர்க்கும் சாற்றை வழுக்க வைக்கும். வடிகட்டியைத் தொட்டிக்குள் வைப்பதற்கு முன் இரண்டு கோப்பை தண்ணீரை எடுத்து வைத்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே. எண்ணி எழுதிய ஐந்து பொருளுக்கும் மேலாக இந்தத் தண்ணீரை நான் மதிக்கிறேன்.

உப்புவெளியிலிருந்து: அவிக்கும் தண்ணீர் கடல்தண்ணி போல உவர்க்க வேண்டும் என்று ஒரு சமையல் நிகழ்ச்சியில் சொன்னார்கள். அப்படியே செய்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. பாஸ்தா அவிக்க லீற்றருக்கு 10 கிராம் போதும். இந்த வகைச் சமையலில் அந்தத் தண்ணீரே தாச்சியில் வற்றிச் சாறாவதால், அதிலும் சற்றுக் குறைப்பது நல்லது. உவர்மலைக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, உப்பைப் போட்ட பிறகு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். இரசத்தின் உப்பு அளவில் இருந்தால் சரி.

திருகோணமலை நகரிலிருந்து: ஐயோ அக்கா, இரண்டு லீற்றர் தண்ணீரா? காஸ் விற்கும் விலையில் இதற்குக் குறைத்துச் செய்ய வழி இல்லையா?

இருக்கிறது. முதலாவது, தண்ணீரை ஒன்றரை லீற்றராகக் குறைக்கலாம். மாப்பொருள் செறிந்து சாறு இன்னும் நன்றாகத் தடிக்கும், கிளறுவதை மட்டும் கூட்ட வேண்டும். உப்பையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி, இலங்கையில் நாங்கள் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற அதே 2022 ஆம் ஆண்டில் இத்தாலியில் பெரிய வாதமாகவே நடந்தது. முந்திய ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோர்ஜோ பரிசி என்ற இத்தாலிய அறிஞர், பாஸ்தாவைப் போட்டுச் சிறிது நேரத்தில் அடுப்பை அணைத்து மூடி வைத்தாலும் அது வெந்துவிடும் என்ற முறையை ஆதரித்தார். அங்குள்ள சமையற்கலைஞர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். மாப்பொருள் வேகக் கொதிநிலை தேவையில்லை, ஏறக்குறைய 80 பாகை வெப்பத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. நான் செய்து பார்த்தேன். தடித்த அடியுள்ள பானையில், இரண்டு நிமிடம் கொதித்த பின் அணைத்து, இறுக்கமான மூடி போட்டு, பக்கற் நேரத்தை விட ஒரு நிமிடம் கூடுதலாக வைத்தால் ஸ்பகெற்றி நன்றாகவே வருகிறது. மெல்லிய அலுமினியப் பானையில் சூடு நிற்காமல் நடுப்பகுதி வேகாமல் மாவாகவே இருந்தது.

நகரிலிருந்தே இன்னொருவர்: வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்வந்து சைவமாகவே சாப்பிடுவோம். மேலே பார்மசான் சீஸ் தூவலாமா?

உங்கள் கேள்வியைக் கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரரும் ஹலாலா என்று அறிவதற்காகக் கேட்டிருக்கிறார். இத்தாலியில் மரபு முறையில் செய்யும் பார்மசான் சீஸில், பாலைத் திரைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியம் சேர்க்கப்படுகிறது. எனவே உங்கள் இருவருக்கும் அது பொருந்தாமல் போகலாம். நுண்ணுயிரிலிருந்து பெற்ற நொதியம் என்று எழுதிய சீஸ் கிடைத்தால் வாங்குங்கள். காய்ந்த ஸ்பகெற்றி பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே கொண்டது, முட்டை சேர்த்த வகைகளில் அது பக்கற்றில் எழுதப்பட்டிருக்கும்.

உண்மையில் இந்த ஸ்பகெற்றிக்குச் சீஸ் கட்டாயமே அல்ல. சீஸ் வாங்க வசதியில்லாத தென் இத்தாலியக் குடும்பங்கள் பழைய பாணை உதிர்த்து எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள். நேற்றைய இறாத்தல் பாணில் இரண்டு துண்டை எடுத்து, விரலால் உதிர்த்து, ஒரு கரண்டி எண்ணெயில் பொன்னிறமாகும்வரை கிளறிப் பாருங்கள். மென்மையான ஸ்பகெற்றியின் நடுவே அது கரகரவென்று கடிபடும் சுவைக்காக நான் சீஸ் இருக்கும் நாளிலும் பாணைத்தான் தூவுகிறேன்.

மூதூரிலிருந்து: வாப்பா நெத்தலி கொண்டுவந்திருக்கிறார். இதில் சேர்க்க முடியுமா?

தாராளமாகச் சேர்க்கலாம். உள்ளியோடு உப்பிட்ட நெத்தலி இன மீனை எண்ணெயில் கரைப்பது இத்தாலியரின் வழக்கம். பச்சை நெத்தலியாயின் தலையையும் குடலையும் ஒரே இழுவையில் எடுத்து, விரல் நகத்தால் வயிற்றைப் பிளந்து முள்ளை நீக்கி, உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். உள்ளி வைக்கோல் நிறத்துக்கு வரும் நேரத்தில் போட்டு அகப்பையின் பின்புறத்தால் நசித்தால், ஒரு நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். கருவாடு என்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஸ்பகெற்றி அவிக்கும் தண்ணீரின் உப்பைப் பாதியாக்குங்கள். கடைசியில் அரைத் தேசிக்காய் பிழியலாம். மீன் சேர்த்தால் சீஸ் வேண்டாம். இத்தாலியரும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

நிலாவெளியிலிருந்து: ஒலிவ் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய்?

நான் பரிந்துரைக்க மாட்டேன். தேங்காய் எண்ணெயின் வாசனை உள்ளியை மூடிவிடும். சூரியகாந்தி எண்ணெயில் உள்ளியை வதக்கி, இறக்கிய பின் ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயைப் பச்சையாக ஊற்றினால், சிறிய போத்தல் ஒன்று பல வாரங்களுக்கு வரும்.

சீனக்குடாவிலிருந்து: இதன்மேல் தூவும் பார்ஸ்லி இலை இங்கே கிடைக்கவில்லை. கொத்தமல்லி போடலாமா?

செலறி இலையைப் பொடியாக அரிந்து சிறிதளவு போடுங்கள், அது பார்ஸ்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்தமல்லியின் மணம் இங்கே மேலோங்கிவிடும்.

குச்சவெளியிலிருந்து: மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் கசந்தது.

உள்ளி கருகியிருக்கும் தம்பி, பெரும்பாலும் அதுதான் காரணம். விடுதியில் ஒரு நெருக்கடியான இரவில் எனக்கும் இதுவே நேர்ந்தது. வில்லைகள் கபில நிறமான பிறகும் எண்ணெயை வெளியே கொட்டிவிட மனம் வராமல் அப்படியே பரிமாறினேன். கோப்பைகள் பாதி நிறைந்தபடியே திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கருகினால் எண்ணெயோடு சேர்த்து வெளியே கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அடுப்பின் சிறு தீயே கடுமையாக எரிந்தால் தாச்சியைத் தூக்கிப் பிடித்துச் சூட்டைக் குறைக்கலாம்.

மீண்டும் சாம்பல்தீவுச் சகோதரி: மிஞ்சினால் என்ன செய்வது? காலையில் கட்டியாகிவிடுகிறது.

நாப்போலியில் மிஞ்சிய பாஸ்தாவை முட்டையோடு பொரிப்பார்கள். ஒரு கோப்பை மிச்சத்துக்கு இரண்டு முட்டையை உப்பும் மிளகுத்தூளும் இட்டு அடித்து, அதில் ஸ்பகெற்றியைப் பிரட்டி, எண்ணெய் தடவிய தாச்சியில் தடித்த தோசை போலப் பரப்பிச் சிறு தீயில் விடுங்கள். அடி முறுகியதும் ஒரு தட்டால் மூடிக் கவிழ்த்து, மறுபக்கத்தையும் வேக வையுங்கள். ஆறினாலும் சுவை குறையாது. துண்டு துண்டாக வெட்டிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கலாம்.