எஸ்டிஆரில் பதிவுசெய்த ஐதரசன் கோடு வேறு கணினியில் குப்பையாகத் தெரிவது ஏன்?

கேள்வி: கிளிநொச்சியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கி) கொண்டு 21 சென்ரிமீற்றர் ஐதரசன் கோட்டை, அதாவது விண்வெளி ஐதரசன் வாயு வெளியிடும் வானொலி அலையை, பதிவுசெய்கிறோம். வவுனியாவில் உள்ள நண்பர்கள் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது. ஃபிட்ஸ் (வானியல் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக மாற்றினால் சரிவருமா?

கோப்புப் பெயரின் வாலை மட்டும் மாற்றினால் சரிவராது. எந்த மாதிரிக் குப்பை என்று முதலில் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆரின் மூலப் பதிவு குறியில்லாத 8 பிட் எண்கள். சைகையின் இரு கூறுகள் ஐ, கியூ என மாறிமாறி வரும். பூச்சியத்துக்குரிய 127.5ஐக் கழிக்காவிட்டால் நிறமாலையின் (அதிர்வெண்வாரியான வலிமைப் படத்தின்) நடுவில் பெரிய முள் ஒன்று நிற்கும். குறியுள்ள எண்ணாக வாசித்தால் 127க்கு அடுத்தது -128 ஆகிவிடும், சைகை சிதைந்துபோகும். குனூ ரேடியோ என்ற வானொலி மென்பொருள் வழமையாகச் சேமிப்பது 32 பிட் தசம எண். அதன் பைட் வரிசையைத் தலைகீழாக வாசித்தால் நம்பமுடியாத பெரிய, சிறிய எண்கள் வரும்.

மோசமானது ஐயும் கியூவும் இடம்மாறுவது. நிறமாலை இடம்வலமாகத் திரும்பும், ஆனால் பார்வைக்கு ஒரு குறையும் இராது. கோட்டின் அதிர்வெண்ணான 1420.4 மெகாஹேர்ட்ஸிலேயே இசைத்திருந்தால், விலகிச் செல்லும் வாயு நெருங்கி வருவதாகக் காட்டும். அதனால் 1420.0இல் இசையுங்கள். திரும்பியிருந்தால் கோடு 1419.6 பக்கம் போய்விடும், உடனே பிடிபடும். நடு முள்ளும் கோட்டின்மேல் விழாது.

செக்கனுக்கு 24 இலட்சம் மாதிரிகள் என்றால் மூலப் பதிவு மணித்தியாலத்துக்கு 17 கிகாபைட்டைத் தாண்டும். ஃபாட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் கால் மணித்தியாலத்தில், ஒரு கோப்புக்கான 4 கிகாபைட் எல்லையில் முட்டி நிற்கும். அதை அனுப்பவேண்டாம். 1024 அலைத்தடங்களாக (சிறு அதிர்வெண் துண்டுகளாக) ஆக்கி, 10 செக்கனுக்குச் சராசரி எடுத்து, அந்த நிறமாலையை மட்டும் ஃபிட்ஸ் ஆக்குங்கள்.

ஃபிட்ஸில் தலைப்பும் (தரவை விவரிக்கும் முன்பகுதி) தரவும் 2880 பைட் கட்டங்களாக நிரம்பவேண்டும், பெரிய பைட் முதலில் வரவேண்டும். நம் கணினிகள் எழுதுவது அதற்கு எதிர்மாறு. கையால் எழுதாமல் ஆஸ்ட்ரோபை என்ற பைதன் நிரல் நூலகத்திடம் விட்டுவிடுங்கள்.

தலைப்பை அதுவாக நிரப்பாது. ஓர் அலைத்தடத்தின் அகலம் 2343.75 ஹேர்ட்ஸ், அதாவது வாயுவின் வேகத்தில் ஏறத்தாழ அரை கிலோமீற்றர்/செக்கன். தலைப்பில் மேற்கோள் அலைத்தடத்தின் எண்ணைத் தரும் சிஆர்பிக்ஸ் எண்ணுவது 1இலிருந்து, பைதன் 0இலிருந்து. எனவே நடு அலைத்தடம் 512 அல்ல, 513. நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள். இலங்கை நேரத்தை அப்படியே போட்டால் ஐந்தரை மணித்தியாலம் பிசகும், வானத்தில் அது 82.5 பாகை!

மின்சாரம் நின்றால் பாதியில் அறுந்த கோப்பு கட்டம் நிரம்பாமல் கிடக்கும். 5 நிமிடத்துக்கு ஒரு கோப்பாக மூடுங்கள்.