மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து மேலே வந்து உயிர் பிழைக்க முடியுமா?

எனக்கு ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். குடமுருட்டியில் மதகு மேலிருந்து குதித்து வளர்ந்தவன். கடற்படையில் நீர்மூழ்கியில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது, முங்கித் தம் பிடித்துக் காட்டினேன். "எங்க கப்பல்லேருந்து இப்படி வந்தா செத்துருவடா" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

முதல் சிக்கல் கதவு. வாய்க்கால் மதகில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் முட்டி நின்றால் பலகை அசையாது. இரண்டு பக்கமும் சமமானால் ஒற்றை ஆள் தூக்கிவிடலாம். 50 மீட்டர் ஆழத்தில் 60 செ.மீ. அகல வட்டக் கதவின் மேல் ஏறக்குறைய 14 டன் பாரம் இருக்கும். அதனால் உள்ளே வேண்டுமென்றே தண்ணீரை விடுவார்கள். கவிழ்த்த சொம்பை ஆற்றில் அழுத்தினால் காற்று இறுகுமே, அப்படி இறுகி வெளி அழுத்தத்துக்குச் சமமானதும்தான் கதவு திறக்கும். 1851இல் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில், தான் வடிவமைத்த நீர்மூழ்கி மூழ்கியபோது வில்ஹெல்ம் பாவர் இரண்டு பேரோடு இப்படித்தான் தப்பினார். மூழ்கிக் கிடக்கும் கலத்தில், இன்னும் தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

இனிதான் சித்தப்பா சொன்னது. ஆற்றில் நாம் முங்குவது மேலே இழுத்த காற்றோடு. ஆழத்தில் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவாகும். தப்பி வருகிறவர் நெஞ்சில் இருப்பதோ கீழே இழுத்த, இறுகிய காற்று. 50 மீட்டரிலிருந்து வந்தால் அது 6 மடங்காக விரியும். வாயை மூடினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைவரை போகும். வழி நெடுக ஊதிக்கொண்டே வரவேண்டும். ஊத ஊத உள்ளே விரிந்துகொண்டே இருப்பதால் காற்று அவ்வளவு சீக்கிரம் தீராது. கடைசி 10 மீட்டரிலேயே இரண்டு மடங்காகிவிடும். வெளிச்சம் தெரிகிறதே என்று அங்கே தம் கட்டினால் தொலைந்தோம்.

1941 டிசம்பர் 6 அன்று கிரீஸின் கெஃபலோனியா அருகே 'பெர்சியஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி கண்ணிவெடியில் சிக்கி சுமார் 52 மீட்டரில் தரைதட்டியது. மூச்சுக் கருவியோடு வெளியேறிய ஜான் கேப்ஸ் மட்டும் கரை சேர்ந்தார். அவர் கதையைப் பலர் நம்பவில்லை. 1990களில் முக்குளித்துப் பார்த்தவர்கள், அவர் சொன்ன கதவு திறந்து கிடப்பதைக் கண்டார்கள்.

இப்போது தலையோடு மூடும் உடுப்பு வந்துவிட்டது. 180 மீட்டர் வரை தாங்கும், உள்ளேயே மூச்சு விடலாம், குளிரும் அண்டாது. குளிர் சின்ன விஷயமில்லை: 1950இல் இங்கிலாந்தின் தேம்ஸ் கழிமுகத்தில் 'ட்ரக்குலண்ட்' நீர்மூழ்கி மூழ்கியபோது பலர் மேலே வந்துவிட்டார்கள். ஜனவரித் தண்ணீரில் விறைத்துத்தான் இறந்தார்கள்.