22,000 சம்பளத்தில் பழைய ஆல்டோ எடுக்கலாமா?

வணக்கம் சகோ. அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக, 2012 மாடல் ஆல்டோ காரை 1.3 லட்சத்துக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் அநியாயமாக ஏறும் மீட்டர் வட்டிக் கடன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

முதலில் ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்று) பாருங்கள். அந்தப் பதிவின் 15 வருடக் கணக்கு 2027-ல் முடிகிறது. புதுப்பிக்கக் கட்டணமே 5,000 ரூபாய், எஃப்.சி.க்கு (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று) முன் டிங்கரிங், பெயிண்ட் வேலை தனி. அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள்.

அப்புறம், காருக்குள் காலடியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். முதல் மழையிலேயே காலடியில் தண்ணீர் ஊறியது, கட்டைவிரலால் அமுக்கினால் தகடு உள்ளே போனது. வெல்டிங்குக்கே 9,000 ஆனது.

நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். மாதம் 1,500 டயர், பேட்டரிக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள். அம்மாவுக்குச் சீக்கிரம் தேவலையாகட்டும்.