240,000 ரூபாவுக்கு ஒரு ‘ஏற்றுக்கொண்டோம்’

கேள்வி: இடம்பெயர்ந்து அலைந்த காலத்தை வைத்து 240 பக்கத்தில் நாவல் எழுதியிருக்கிறேன். ஒரு பதிப்பகம் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று சொல்லி, 300 பிரதிக்கு 240,000 ரூபா கேட்கிறது. 100 பிரதி அவர்களுக்கு, 200 எனக்கு. புத்தக விலை 900 ரூபா. காப்புரிமைப் பதிவுக்குத் தனிக் கட்டணமாம். சம்மதிக்கலாமா, அல்லது சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாமா?
– வாசகி ஒருவர், மல்லாவி

பதில்: இலக்கியம் பிறகு, முதலில் கணக்கு. உங்கள் கைக்கு வரும் 200 பிரதியையும் ஒரு சதம் கழிவில்லாமல் விற்றாலும் கிடைப்பது 180,000. அதாவது 60,000 நட்டம். கடைக்குக் கொடுத்தால் 35 வீதம் கழிவு கேட்பார்கள், அப்போது 117,000தான் மிஞ்சும். அவர்களுடைய 100 பிரதிக்கும் அச்சுக்கூலி கட்டியவர் நீங்களே. அதை விற்ற காசில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டீர்களா?

பதிப்பாளர் என்றால் தன் முதலைப் போடுபவர். செம்மைப்படுத்தல், மெய்ப்புப் பார்த்தல், அட்டை, அச்சு, விநியோகம் எல்லாம் அவர் செலவு, விற்காவிட்டால் நட்டமும் அவருக்கே. எழுதியவருக்கு ரோயல்டி வரும். தமிழில் அது பெரும்பாலும் புத்தக விலையில் 7.5 முதல் 10 வீதம். 900 ரூபா நூல் 300 பிரதி விற்றால் 10 வீதப்படி 27,000 ரூபா. இலங்கையில் அதையும் காசாகத் தராமல் பிரதிகளாகத் தருவதும் உண்டு. சிறிய தொகைதான், ஆனால் காசு வரும் திசை சரியாக இருக்கிறது. உங்களிடம் பேசியவர்கள் செய்வது அச்சக வேலை. அது குற்றமில்லை, அச்சக விலைக்குச் செய்தால்.

காப்புரிமைக் கட்டணம் சுத்த ஏமாற்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணமே உரிமை உங்களுடையது. ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். பதிவு எதுவும் தேவையில்லை. ஐ.எஸ்.பி.என். என்னும் நூலின் சர்வதேச அடையாள எண் வேறு விடயம். அதைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது, நூலாசிரியரே விண்ணப்பிக்கலாம். முழுச் செலவும் உங்களுடையது என்றால் எண்ணும் உங்கள் பெயரில் இருக்கட்டும். பதிப்பகத்தின் எண்ணைப் போட்டால் பதிவேட்டில் வெளியீட்டாளர் அவர்கள்.

சென்னைக்குத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். பொங்கலை ஒட்டிய புத்தகக் காட்சிக்கு அப்போது எல்லாரும் அச்சகத்தில் நிற்பார்கள். மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சொல்லிவிடும் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் போதும். ‘முடிவை வாசித்து அறியவும்’ என்று எழுதினால் வாசிக்கவே மாட்டார்கள். கொப்பியைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதும் அதே கதிதான்.

இங்கே பலர் சறுக்கும் இடம் எழுத்துரு. எங்கள் பக்கத்தில் தட்டச்சு செய்து தருபவர்களில் பலர் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எழுத்துரு மாற்றி மூலம், எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோட்டுக்குக் கொண்டுவந்தால், இடையிலிருந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் சிதையும். ஆகவே மாற்றிய பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை வாசிக்க வேண்டும். குறுக்குவழி கிடையாது.

மூன்று மாதம் பதில் வராதது சாதாரணம். பிறகு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆறு மாதமும் கடந்தால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

சென்னைப் பதிப்பகம் சம்மதித்தால் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். ‘சகல உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்ற வரி இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். மூன்று அல்லது ஐந்து ஆண்டு, இத்தனை பிரதி, ஆண்டுக்கொரு விற்பனைக் கணக்கு என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல் உரிமைகளைத் தனியாக வையுங்கள். இலங்கைப் பதிப்பு உரிமையை விடவே வேண்டாம்: இந்திய விலை 300 என்றால், இங்கே வந்து சேரும்போது ஆயிரத்தைத் தாண்டும், மல்லாவியில் யார் வாங்குவார்? உங்கள் பேச்சுவழக்கைக் கேட்காமல் திருத்தக்கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் நீங்களே போடலாம். மூன்று அச்சகத்தில் விலைக்கூற்று எடுங்கள். பக்க அளவு, தாளின் தடிப்பு (உள்ளே 70 அல்லது 80 ஜி.எஸ்.எம்.), அட்டை, கட்டு, பிரதி எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். பக்க வடிவமைப்புக்கும் மெய்ப்புக்கும் தனித்தனி விலை கேளுங்கள். ஒஃப்செற்றில் ஒன்றாக அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு போம். 240 என்பது சரியாக 15 போம். அதற்குமேல் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை என்று ஆளுக்கு நான்கு பக்கம் போனால் இன்னொரு போம் முழுதாக ஏறும். பிரதேச செயலாளரின் ஆசியுரைக்காக ஒருவரும் நாவல் வாங்கியதில்லை.

முதலில் 150 பிரதி போதும், டிஜிட்டல் அச்சில். வன்னியில் புத்தகச் சந்தை என்பது பெரும்பாலும் வெளியீட்டு விழா மண்டபம்தான். முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்குவோர் வைக்கும் கடித உறை அச்சுச் செலவில் ஒரு பங்கைத் தூக்கும், மறுநாளிலிருந்து விற்பனை படுத்துவிடும். மிச்சத்தைப் பிரதேச சபை நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அச்சகத்துக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் பி.டி.எஃப். மட்டுமல்ல, வடிவமைத்த மூலக் கோப்பையும் அட்டைக் கோப்பையும் பென்ட்ரைவில் வாங்குங்கள். வடிவமைத்தவரின் கணினி பழுதானால் இரண்டாம் பதிப்புக்கு முழு நாவலையும் மறுபடி வடிவமைத்து மெய்ப்புப் பார்க்க நேரும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.