ஒரு சர்வர் ரீபூட் ஆனால் பக்கத்து சர்வர்களும் ஏன் தடுமாறுகின்றன? சான் ஜோனிங்கை எப்படிப் பிரிப்பது?

20 சர்வர்களும் ஸ்டோரேஜின் 2 போர்ட்டுகளும் ஒரே ஜோனில் இருக்கின்றன, ஒன்றை ரீபூட் செய்தால் மற்றவற்றில் டிஸ்க் சில நொடி நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு அந்த ஒரே ஜோனில்தான். சான் என்பது சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் தனி நெட்வொர்க்; அதில் யார் யாரைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் பிரித்து வைக்கும் குழுதான் ஜோன்.

எனக்குப் பாம்பன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. எங்கள் வடகடலில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள். இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் விசைப்படகின் இழுவைமடி வந்து, விரித்துக் கிடக்கிற வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். ஜோனிங் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஒரு போர்ட் போனாலும் வந்தாலும் ஸ்விட்ச் அதே ஜோனில் பதிந்திருக்கும் எல்லோருக்கும் ஆர்.எஸ்.சி.என். என்ற அறிவிப்பை அனுப்பும். அதை வாங்கிய ஒவ்வொரு எச்.பி.ஏ.வும் (சர்வரைச் சானோடு இணைக்கும் கார்டு), யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருக்கும் நேம் சர்வரிடம் போய், என்ன மாறியது என்று மறுபடி விசாரிக்கும். ஒரு தடவை என்றால் பெரும்பாலும் கண்ணில் படாது. ஓயாமல் வந்தால் வேலை கெடும்.

முன்பு நான் பார்த்த வேலையில் இப்படி ஒரு ராத்திரி. விடுப்பில் ஊரில் இருந்தேன். டெஸ்ட் சர்வர் ஒன்றின் எஸ்.எஃப்.பி. (கேபிளைச் செருகும் சிறு மாட்யூல்) பழுதாகி லிங்க் விழுந்து விழுந்து எழுந்தது. லாகில் அதே 16 எழுத்து டபிள்யூ.டபிள்யூ.பி.என்., அதாவது அந்த போர்ட்டின் தனி அடையாள எண், வந்து போய்க்கொண்டே இருந்தது. அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சம்பள டேட்டாபேஸ் டைம் அவுட் ஆகிக் கிடந்தது. அதிகாலை 3 மணி. கடலுக்குக் கிளம்பிய அப்பா, "இன்னும் தூங்கலையாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு போர்ட்டை டிசேபிள் செய்ததும் லாக் ஓய்ந்தது. டேட்டாபேஸும் மூச்சு விட்டது.

அதனால் ஒரு ஜோனுக்கு ஒரே ஒரு சர்வர் போர்ட், அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள். இவ்வளவுதான். உங்கள் கணக்கையே பாருங்கள்: 22 பேர் ஒரே ஜோனில் இருந்தால் 231 ஜோடிகள் ஒன்றையொன்று பார்க்கும். சர்வருக்கு ஒன்றாகப் பிரித்தால் 40 ஜோடிதான். சர்வரும் சர்வரும் பேச வேண்டிய தேவையே இல்லையே! 20 ஜோன் எழுதுவது அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். டேப் டிரைவ் இருந்தால் அதற்குத் தனி ஜோன், முடிந்தால் தனி எச்.பி.ஏ.

ஸ்விட்ச் போர்ட் எண்ணை விட டபிள்யூ.டபிள்யூ.பி.என். வைத்து எழுதுவதே எனக்குப் பிடித்தது. கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் ஜோன் கெடாது. எச்.பி.ஏ. கார்டையே மாற்றினால் மட்டும் புது எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணுக்கு நீங்கள் வைக்கும் அலியாஸ் பெயரில் சர்வர் பெயரும் கார்டு எண்ணும் தெரியட்டும். அப்புறம், ஜோனிங் போட்டாயிற்று என்று லன் மாஸ்கிங்கை விட்டுவிடாதீர்கள். எந்த சர்வருக்கு எந்த டிஸ்க் என்பதை அதை வைத்து ஸ்டோரேஜ்தான் தீர்மானிக்கும்.

மாற்றும்போது பழைய கான்ஃபிக்கை முதலில் சேமியுங்கள். இரண்டு ஃபேப்ரிக் (தனித்தனி ஸ்விட்ச் வலையமைப்பு) இருந்தால் ஒரே ராத்திரியில் இரண்டையும் தொட வேண்டாம். முதலாவதில் ஆக்டிவேட் செய்து, ஒவ்வொரு சர்வரிலும் மல்டிபாத்தில் (ஒரே டிஸ்குக்குப் பல பாதை வைக்கும் ஏற்பாடு) எல்லாப் பாதையும் திரும்பி வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு பாதை குறைந்தாலும் அடுத்த ஃபேப்ரிக் பக்கம் போகாதீர்கள்.