பழைய காருக்கு டிஸ்க் பிரேக் மாட்டலாமா, ஒரிஜினல் டிரம்மையே வைத்துக்கொள்ளலாமா?

வண்டி கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், யாரோ ஒரு மெக்கானிக் "டிரம்மைத் தூக்கிப் போட்டுட்டு டிஸ்க் மாட்டிடுங்க" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. என்னுடையது 1098 சிசி மோரிஸ் மைனர். முன்னால் அதே 8 அங்குல டிரம்தான்.

பிரேக் மிதித்தால் வலப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகும் இடது முன்சக்கரம் பிடித்துக்கொண்டே வரும், தொட்டால் கை சுடும். கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வைத்துக்கூடப் பார்க்கவில்லை, டிஸ்க் கிட்டின் விலைப்பட்டியலை நீட்டினார்கள். நானே தூக்கிப் பார்த்தேன். சக்கரம் சுற்றவில்லை. சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மேல்முனை நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் அப்போதும் அசையவில்லை. ஹோஸுக்கு அந்தப்பக்கம், சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் சீறி வந்தது, சக்கரம் லேசாகிவிட்டது. அடைப்பு ஹோஸுக்குள் என்று அங்கேயே தெரிந்துபோயிற்று. அறுத்துப் பார்த்தால், வெளியே நன்றாக இருந்த ஹோஸ் உள்ளே உப்பி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. எல்லா ஹோஸையும் மாற்றி, ஷூக்களை (டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த கட்டைகள்) டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துப் பொருத்தினேன். அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை திருகி ஒரு கிளிக் பின்னுக்கு விட்டேன். இப்போது கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது.

இந்த வண்டியின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூவுமே லீடிங் ஷூ. டிரம் சுற்றும் சுற்றே ஷூவை இன்னும் இறுக்கிவிடும், அதனால் சர்வோ, அதாவது பெடல் மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் கருவி, இல்லாமலே சமாளிக்கிறது. டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. சர்வோ இல்லாமல் டிஸ்க் மட்டும் மாட்டினால் பெடலை இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். கிட் விற்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

"உயிரை விட ஒரிஜினல் பெரிசா?" என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். டிஸ்க் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட மலை இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், உண்மைதான். பெரிய எஞ்சின் மாட்டியிருந்தால் கண்டிப்பாக டிஸ்க் போடுங்கள். ஆனால் அந்த இறக்கத்தில் பெடல் தரைவரை போவதற்குப் பல நேரம் பழைய ஆயில்தான் காரணம். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் உறிஞ்சினால் 155 வரை இறங்கிவிடும்.

காசு செலவழிப்பதென்றால் முதலில் மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் சிலிண்டரில், செலவழியுங்கள். ஒரிஜினலில் ஒரே சர்க்யூட். ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் காலி. நான் செய்த ஒரே மாற்றம் டூயல் சர்க்யூட்தான்: ஆயில் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அதற்கும் பழைய கார்க்காரர்கள் கூடிய இடத்தில் ஒருவர், "ஒரிஜினாலிட்டி போச்சே சார்" என்று உச்சுக்கொட்டினார். அவர் வண்டி டிரெய்லரில் வந்து டிரெய்லரில் போகிறது!

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஷூ மேலிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.