மாதவிடாய் நிற்கும் வயதில் வயிறும் சீனியும்: திருகோணமலைப் பெண்களின் கேள்விகள்

நான் கிளினிக்குகளில் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மெனோபாஸ் பற்றிக் கேளுங்கள் என்றதும், வேர்வையும் எரிச்சலும்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். வந்து குவிந்தது வயிறு, எடை, சீனி. பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் வைத்திருக்கிறேன். குளிசையைக் கூட்டு, குறை, நிறுத்து என்று எதுவும் இங்கே சொல்லமாட்டேன். அது உங்களைப் பார்க்கிற டொக்டரின் வேலை.

திருக்கடலூர், 51 வயது: அக்கா, நான் கன காலமாக 58 கிலோதான். இப்பவும் அதே 58. ஆனால் போன வருஷம் தைத்த சட்டை இடுப்பில் ஏறுதில்லை. எடை கூடாமல் வயிறு மட்டும் எப்படி வரும்?

வரும். தசை குறைந்து, அந்த இடத்துக்குக் கொழுப்பு வந்தால் மெஷின் அதே 58ஐத்தான் காட்டும். ஈஸ்ட்ரோஜன் ஓமோன் தாராளமாக இருக்கும் வயதில் பெண்ணுடம்பு கொழுப்பைப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயும் தொடையிலும் சேர்க்கும். அது குறையக் குறைய, கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். தோலுக்குக் கீழே கையால் பிடிக்கக்கூடியதாக மட்டுமல்ல, உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றியும் சேரும். உள்ளே சேருவதுதான் எனக்குக் கவலை. அங்கிருந்து கொழுப்பு நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கொழுப்புப் படிகிறது, இன்சுலின் சொல்வதை உடம்பு முன்போல் கேட்பதில்லை, இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு ஏறுகிறது. ஸ்கான் ரிப்போர்ட்டில் 'ஃபற்றி லிவர்' என்று எழுதித் தருவது இதைத்தான்.

அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஸ்வான் என்ற ஆய்வில், நடுத்தர வயதுப் பெண்களை வருஷக் கணக்கில் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ 2 வருஷம் முன்பே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, அதே நேரம் தசை குறையத் தொடங்குகிறது, கடைசி மாதவிடாய்க்குப் பின் 2 வருஷம் வரை இது நீள்கிறது என்பது அதில் தெரிந்தது. எடையோ பழைய வேகத்திலேயே மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆய்வில் தெற்காசியப் பெண்கள் இல்லை. ஆனால் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பும் இரத்தத்தில் சீனியும் சேருகிற உடம்பு நமக்கு, அதனால் நாங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தையல் டேப் ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கி வெறும் தோலில் சுற்றுங்கள். வயிற்றை எக்க வேண்டாம், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம்தான் எல்லை. மாதம் ஒருமுறை அளந்து கலண்டரில் எழுதி வையுங்கள். எடை மெஷினில் தினமும் ஏறி இறங்குவதைவிட இது பிரயோசனம்.

உவர்மலை, 46 வயது, ஆசிரியை: எனக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. சில மாதம் வராது, பிறகு இரண்டு மாதம் ஒழுங்காக வரும். எடை மட்டும் ஏறுகிறது. இது மெனோபாஸா?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. நீங்கள் இருப்பது அதற்கு முந்திய இடைக்காலம் போலத் தெரிகிறது. மேலே சொன்ன மாற்றங்கள் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான், ஆகவே நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தைரொய்ட் குறைவும் இதே போல எடை, களைப்பு, மாதவிடாய்க் குழப்பம் எல்லாம் தரும். டி.எஸ்.எச் என்ற இரத்தப் பரிசோதனை பற்றி டொக்டரிடம் கேளுங்கள். அப்படியே இன்னொன்று: இந்த வயதிலும் பிள்ளை தங்கும். 'இனி எங்கே' என்று இருந்து, கிளினிக்கில் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிலாவெளி, 52 வயது: எனக்கு மெட்டபாலிசம் படுத்துவிட்டது என்று ஜிம் வைத்திருக்கும் ஒரு தம்பி சொல்கிறார். திரும்ப எழுப்ப ஒரு பவுடரும் விற்கிறார்.

பவுடரை வாங்காதீர்கள். 6,400க்கும் மேற்பட்டவர்களின் சக்திச் செலவை, அதாவது மெட்டபாலிசத்தை, அளந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு பெரிதாக மாறவே இல்லை. மெனோபாஸ் வயதில் சட்டென்று விழவும் இல்லை. குறைவது தசை, நடமாட்டம், நித்திரை. எழுப்ப வேண்டியது இந்த மூன்றையும்தான், அவை போத்தலில் வருவதில்லை. கிரீன் டீ சாறு என்று குளிசையாக விற்பவற்றால் ஈரல் பழுதானவர்களும் உண்டு.

கிண்ணியா, 53 வயது: மிஸ்ஸி, மாதவிடாய் நின்று ஒரு வருஷம். வெறும் வயிற்றுச் சீனி 112. கொலஸ்ட்ரோலும் ஏறிவிட்டது. சாப்பாடு மாறவே இல்லை. எடை 65 கிலோ. நோன்பு பிடிக்கலாமா?

கொலஸ்ட்ரோல் கதை உண்மை. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஒரு வருஷ காலத்தில் எல்.டி.எல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல், வயதுக்கு ஏறுவதைவிட வேகமாக ஏறும். சாப்பாடு மாறாத பெண்ணுக்கும் ஏறும். ஆகவே யாராவது 'என்ன தின்றாய்' என்று கேட்டால் மனம் நோக வேண்டாம். ஆனால் ஓமோனால் வந்ததுதானே என்று சும்மாவும் விட முடியாது. இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

சீனியில் வயதுக்கும் வயிற்றுக்கும் பரம்பரைக்கும் பங்கு உண்டு. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்திய நிலை, 126உம் அதற்கு மேலும் நீரிழிவு. எச்.பி.ஏ.1.சி. செய்து பாருங்கள். அது கடந்த 2, 3 மாதச் சராசரியைச் சொல்லும், 5.7 முதல் 6.4 வரை முந்திய நிலை, 6.5 தொட்டால் நீரிழிவு. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீனி இருந்ததா? இருந்திருந்தால் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உங்களுக்கு ஆபத்துக் கூட.

நல்ல செய்தி, இந்த இடத்தில் திரும்பி வர வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்துச் செய்தவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் குளிசை எடுத்தவர்களில் அது 31 சதவீதம்தான். உங்கள் 65 கிலோவில் 7 சதவீதம் என்பது நாலரைக் கிலோ. செய்யக்கூடிய காரியம்.

நோன்பைப் பொறுத்தவரை, குளிசை எதுவும் எடுக்காமல் இந்த நிலையில் மட்டும் இருப்பவர்கள் பொதுவாகப் பிடிக்கலாம். கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சீனி தாழ்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது. அவர்கள் ரமழானுக்கு முன்பே டொக்டரைக் காண வேண்டும். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் காணும். அதற்கு மேல் ரோல்ஸ், சமோசா, சர்பத் என்று போனால்தான் வினை.

தம்பலகாமம், 55 வயது: நாங்கள் நெல் விதைக்கிற சனம். எங்களிடமே சோறு சாப்பிடாதே என்கிறீர்களா?

இல்லையம்மா, சொல்லமாட்டேன். சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. சோற்றின் அளவுதான் பிரச்சினை, அதோடு பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ, மிச்சக் கால்வாசி சோறு. குத்தரிசியானால் இன்னும் நல்லது. இரவுப் பிட்டும் சொதியும்தான் என் கண்ணில் பெரிய எதிரி. அதில் மாவும் தேங்காயும் தவிர வேறு ஒன்றும் இருப்பதில்லை. ஒரு துண்டு மீனாவது, ஒரு முட்டையாவது வையுங்கள்.

புரதம் குறைந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது. 58 கிலோப் பெண்ணுக்கு ஏறக்குறைய 60 முதல் 70 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், மீன் 100 கிராமில் 20 கிராம் அளவு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்டபிறகு கூட்டுங்கள். பாரையும் அறக்குளாவும் வாங்க வேண்டும் என்றில்லை. கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் சூடை மீனும் கீரி மீனும் போதும், முள்ளோடு தின்றால் எலும்புக்குக் கல்சியமும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு, பிரஷர் உள்ளவர்கள் அளவோடு.

தேத்தண்ணியையும் எண்ணிப் பாருங்கள். நாளுக்கு 5 கோப்பை, ஒன்றுக்கு 2 கரண்டிச் சீனி என்றால் 10 கரண்டி, 40 கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. வயலில் வேலை செய்தவர்கள் அந்தச் சீனியை வயலிலேயே செலவழித்தார்கள். இப்போது நாற்று நடுவதும் அறுவடையும் மெஷினில்.

சாம்பல்தீவு, 57 வயது: விடிந்தால் பொழுதுபட்டால் வீட்டு வேலை. கோயிலுக்கும் நடந்துதான் போவேன். இதைவிட என்ன உடற்பயிற்சி?

இருந்த இடத்திலேயே இருப்பவரைவிட நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் பழகிப்போன வேலை தசைக்குப் புதிய பாரம் கொடுக்காது. சாப்பிட்ட சீனியில் பெரும்பங்கை வாங்கி வைக்கும் களஞ்சியம் தசைதான். அது சிறுத்தால் மிச்சச் சீனி இரத்தத்தில் நிற்கும். கடைசி மாதவிடாயைச் சுற்றிய வருஷங்களில் எலும்பும் வேகமாக இளகும், அதற்கும் பாரம்தான் மருந்து.

வாரம் 2 நாள் இதைச் செய்யுங்கள். கை வைக்காத கதிரையில், கையை ஊன்றாமல் 10 தரம் எழுந்து இருங்கள். சுவரில் இரு கையையும் ஊன்றி 10 தரம் தள்ளுங்கள். 5 லீற்றர் தண்ணீர்க் கானைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி முற்றத்தில் நடங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கொஞ்சம் ஆறிவிட்டு இன்னொரு சுற்று. இலேசாகிவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வீட்டு வேலை மாதிரித்தான். கர்ப்பப்பை கீழிறங்கியவர்கள் கானைத் தூக்க வேண்டாம். முழங்கால் நோவு என்றால் உயரமான கதிரையில் தொடங்குங்கள்.

உப்புவெளி, 44 வயது: கட்டி காரணமாக 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து உடம்பு ஊதுகிறது. நான் மெனோபாஸில் இருக்கிறேனா? ஓமோன் எடுத்தால் இன்னும் கொழுப்பேன் என்று அண்ணி சொல்கிறா.

முதலில், ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சூலகங்களையும் சேர்த்தா? அது அதில் இருக்கும். நம் பெண்களில் பலருக்குத் தம் உடம்பிலிருந்து என்ன போனது என்றே தெரியாது, அதில் எனக்கு இன்னும் கோபம். சூலகம் இருந்தால் மாதவிடாய் வராவிட்டாலும் ஓமோன் வரும், மெனோபாஸ் பிறகு வரும். இரண்டு சூலகமும் போயிருந்தால் அன்றைக்கே மெனோபாஸ். இயற்கையாக மெதுவாக நடப்பது ஒரே நாளில் நடந்தது என்று வையுங்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் அது கெடுதி. 45 வயதுக்கு முன் இப்படி ஆனவர்களுக்கு, மார்புப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயதான 50, 51 வரையாவது ஓமோன் மாற்றுச் சிகிச்சையைப் பொதுவாகச் சிபாரிசு செய்வார்கள். யாரும் அதைப் பற்றி உங்களிடம் கதைக்கவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள்.

அண்ணி சொல்வது சரியில்லை. இந்தச் சிகிச்சை உடம்பைக் கொழுக்க வைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வயிற்றில் கொழுப்பு சேருவது சற்றுக் குறைகிறது என்றே தெரிகிறது. 2002இல் அமெரிக்க ஆய்வு ஒன்று மார்புப் புற்றுநோய் பற்றி எச்சரித்த பிறகு உலகமே பயந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குபவர்களின் கணக்கு வேறு என்பது பிறகு தெளிவானது. ஆனாலும் எடை குறைக்க மட்டும் என்று யாரும் இதை எடுக்கக் கூடாது.

அலஸ்தோட்டம், 50 வயது: கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவெல்லாம் வேர்வை, நித்திரையே இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து பிஸ்கற் தின்கிறேன்.

நித்திரை குறைந்தால் பசி கூடும், இனிப்புக்கு மனம் அலையும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. நடு இரவுப் பிஸ்கற்றுக்கு உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆனால் பிஸ்கற் ரின்னை மேல் தட்டில் வையுங்கள். வேர்வை வாட்டினால் அதற்கே மருந்து இருக்கிறது, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு அந்த வருத்தம் பெண்களுக்குக் கூடுகிறது, சீனியையும் பிரஷரையும் ஏற்றும்.

மூதூர், 48 வயது: இதெல்லாம் பார்க்க எங்கே போவது? பிரைவேற்றுக்குக் கொடுக்க வசதி இல்லை.

கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ வெல் வுமன் கிளினிக் என்றைக்கு என்று கேளுங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானது, இலவசம். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கே நடக்கும். அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்திலும் எடை, இடுப்பளவு, சீனி பார்ப்பார்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். கடைசியாக மாதவிடாய் வந்த திகதியை எழுதிக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.